விண்டோஸ் 10 கணினியை இனி என்ன செய்வது? நான்கு வழிகளின் ஒப்பீடு

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தன. அதன் பிறகு தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எதற்காக மாற்ற வேண்டும், மாற்றத்தான் வேண்டும் என்றால் எதற்கு மாறுவது? கேட்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார், ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்கிறார், அண்ணன் பயன்படுத்திய மடிக்கணினியைக் கல்லூரிக்குப் போகும் தங்கைக்குக் கொடுத்திருக்கும் தந்தையும் இருக்கிறார். இவர்கள் மூவருக்கும் நான் மூன்று வெவ்வேறு விடைகளைச் சொன்னேன். எந்த இயங்குதளம் உயர்ந்தது என்று பார்த்துச் சொன்ன விடைகள் அல்ல அவை. ஒவ்வொருவரும் எந்த ஒரு மென்பொருளை, எந்த ஒரு கருவியைக் கைவிட முடியாத நிலையில் இருக்கிறார் என்பதைக் கேட்டறிந்த பிறகு சொன்னவை.

## ஒன்றும் செய்யாமல் விட்டால்

பெரும்பாலோர் செய்வது இதைத்தான். கணினி நேற்றுப் போலவே இன்றும் திறக்கிறது, உலாவி ஓடுகிறது, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பச்சைக் குறி காட்டுகிறது. டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் பட்டியலும் எட்ஜ் உலாவியும் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருப்பதால், கவலைப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வைரஸ் தடுப்பு மென்பொருள் வாசலில் நிற்கும் காவலாளி. இயங்குதளம்தான் வீட்டின் சுவர். சுவரில் விழும் ஓட்டையை அடைப்பது காவலாளியின் வேலை அல்ல.

இந்த ஓட்டைகள் ஏன் இனிமேல் கூடுதல் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டும் பெருமளவு ஒரே நிரல்களின் மீது எழுப்பப்பட்டவை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11-க்குத் திருத்தங்கள் வருகின்றன. திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதைக் கைதேர்ந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டை விண்டோஸ் 10-இலும் இருந்து, அங்கே அடைக்கப்படாமல் இருந்தால், ஒன்றுக்கு வந்த மருந்தே மற்றொன்றின் நோயைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

2017-இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓர் ஓட்டைக்கு அவ்வாண்டு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் பரவியது மே 12 அன்று. இடைப்பட்ட 59 நாள்களில் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே சிக்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணினிகள் சிலவும் முடங்கின. 59 நாள் தாமதத்துக்கே இந்த விலை என்றால், திருத்தமே வராத கணினியை ஆண்டுக்கணக்கில் இணையத்தில் வைத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இணைய இணைப்பே இல்லாமல், பென்டிரைவும் செருகப்படாமல், பில் போடுவதற்கு மட்டும் நிற்கும் கணினி இதற்கு ஒரே விலக்கு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும் என்பது. இரண்டாவது, விட முடியாத மென்பொருளும் கருவியும். கணக்குக்கு டாலி, விரல்ரேகைக் கருவி, வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரிண்டர், மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிய எக்செல் கோப்பு ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, பழைய தமிழ்க் கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்பது. இதை வேறு எந்த மொழியின் கட்டுரையும் உங்களுக்குச் சொல்லாது, ஆனால் நம் ஊரில் பாதி முடிவை இதுதான் எடுக்கிறது. நான்காவது, செலவு. அதில் கையிலிருந்து போகும் பணத்தோடு, நாளும் நேரமும் சேரும். ஐந்தாவது, ஏதேனும் தவறினால் கூப்பிட்ட குரலுக்கு வருபவர் யார் என்பது.

இரண்டாவது அளவுகோலுக்கு மனத்தில் இருக்கும் பட்டியலை நம்பாதீர்கள். கணினிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒரு வாரம் வைத்து, திறக்கும் ஒவ்வொரு மென்பொருளையும், செருகும் ஒவ்வொரு கருவியையும் குறித்துக்கொண்டே வாருங்கள். “நெட் பார்ப்பதற்குத்தான்” என்று சொன்ன ஒருவரின் தாளில், ஐந்தாம் நாள் அபார்ட்மென்ட் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு என்று ஒரு வரி வந்தது. அது பக்கம் பக்கமாக மேக்ரோ எழுதப்பட்ட எக்செல் கோப்பு. அந்த ஒரு வரி அவருடைய முடிவையே மாற்றியது.

அதோடு, கணினியின் வயதையும் தெரிந்துகொள்ள வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிராசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் என்றால், ஐ5 அல்லது ஐ3 என்பதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-இன் கதவு எட்டில் திறக்கிறது. ஏழுக்கு, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, மூடியே இருக்கிறது.

நான்கு வழிகளையும் ஒரு பார்வையில் இங்கே தருகிறேன். இதில் வரும் லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம்; மின்ட், உபுண்டு ஆகியவை அதன் வகைகள். காரணங்கள் அடுத்த பகுதிகளில் உள்ளன.

| அளவுகோல் | ஓராண்டு நீட்டிப்பு | அதே கணினியில் விண்டோஸ் 11 | அதே கணினியில் லினக்ஸ் | வேறு கணினி |
|---|---|---|---|---|
| திருத்தம் வரும் காலம் | 2026 அக்டோபர் 13 வரை | ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதம். அடுத்த பதிப்பு இலவசம் | லினக்ஸ் மின்ட் 22 என்றால் 2029 வரை | விண்டோஸ் 11 போலவே |
| டாலி, விரல்ரேகைக் கருவி | அப்படியே ஓடும் | பெரும்பாலும் ஓடும் | பெரும்பாலும் ஓடாது | பெரும்பாலும் ஓடும் |
| பழைய தமிழ்க் கோப்பு | மாற்றம் இல்லை | மாற்றம் இல்லை | படிக்கலாம், திருத்துவது கடினம் | எழுத்துருக்களை மீண்டும் நிறுவ வேண்டும் |
| பணம் | இலவசம் அல்லது 30 டாலர் | முறையான உரிமம் இருந்தால் இலவசம் | இலவசம் | மிக அதிகம் |
| மறைந்திருப்பது | மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் | வட்டு மறையாக்கமும் மீட்புச் சாவியும் | பழக்க மாற்றம், பிரிண்டர் | பழைய வட்டிலுள்ள தரவு |

## வழி 1: ஓராண்டு நீட்டிப்பு

விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு உள்ள வீட்டுக் கணினிகளுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும் திட்டம் ஒன்று உள்ளது. அப்டேட் பக்கத்தில் அதற்கான பதிவு இணைப்பு வரும். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. அந்நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் 1,000 கொடுத்தும் பதியலாம். இரண்டும் வேண்டாம் என்றால் 30 டாலர் கட்ட வேண்டும். ஒரு பதிவை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம். பணமே கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பதிய முடியாது.

நிறுவன வலையமைப்பில் இணைக்கப்பட்ட கணினிகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அவற்றுக்கான கட்டணம் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். மூன்றாண்டும் வாங்கினால் 61, 122, 244 என்று மொத்தம் 427 டாலர் ஆகிறது. பழைய கணினியின் மறுவிற்பனை விலையைவிட இது அதிகம். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் முதலாண்டு ஒரு டாலர்தான். பள்ளி, கல்லூரி நிர்வாகிகள் இதைக் கேட்டுப் பெறாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

டாலியோ விரல்ரேகைக் கருவியோ இருந்து, கணினி ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால், இதுதான் முதல் அடி. இது தருவது ஓர் அவகாசம் மட்டுமே என்பதால், அந்த அவகாசத்துக்குள் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

## வழி 2: அதே கணினியில் விண்டோஸ் 11

எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர் இருந்தால், வேறெதையும் யோசிக்காமல் முதலில் பார்க்க வேண்டிய வழி இது. அது தவிர டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போது அந்நிய நிரல் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு ஆகியவை தேவை. பலருடைய கணினியில் “உங்கள் கணினி தகுதி பெறவில்லை” என்று வருவதற்குக் காரணம் டிபிஎம் இல்லாதது அல்ல. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அந்த வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை நிரல்) அணைத்து வைக்கப்பட்டிருப்பதுதான். இன்டெல் கணினிகளின் பயாஸில் அதற்குப் பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கிவிட்டால் போதும். இந்த ஒரு சுவிட்சைத் தட்டாமல், சர்வீஸ் கடைக்காரரின் பேச்சைக் கேட்டு, தகுதியுள்ள கணினியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

4 ஜிபி நினைவகம் என்பது விதிக்கு மட்டுமே போதும். 8 ஜிபியும் வேகமான எஸ்எஸ்டி வட்டும் இல்லாமல் விண்டோஸ் 11 போட்டால், கணினி திறப்பதற்குள் காபி ஆறிவிடும். எனவே இலவசம் என்று சொல்லப்படும் இந்த வழிக்குச் சில ஆயிரம் ரூபாய் உதிரிச் செலவு சேரலாம்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று மறைந்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும், வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. மடிக்கணினி திருடு போனால் கோப்புகள் பிறர் கையில் சிக்காது என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். அதைத் திறப்பதற்கான 48 இலக்க மீட்புச் சாவி, எந்தக் கணக்கில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது.

சர்வீஸ் கடையில் கணினியைக் கொடுத்து, “ஓஎஸ் போட்டுக் கொடுங்கள்” என்கிறோம். கடைப் பையன் அவசரத்துக்குத் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து நிறுவி முடிக்கிறான். என் உறவினர் ஒருவரின் மடிக்கணினி அப்படித்தான் வந்தது. ஏழு மாதம் கழித்து பயாஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, நீலத் திரையில் மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. சாவி அந்தப் பையனின் கணக்கில் இருந்தது; அவன் அதற்குள் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தான். தேடிப் பிடித்து, அவன் தன் கணக்கைத் திறந்து எண்ணைச் சொல்ல, பத்து நாள் ஆயிற்று. உறவினரின் மகனுடைய கல்லூரித் திட்ட அறிக்கை அந்தப் பத்து நாளும் உள்ளே கிடந்தது. ஆகவே, நிறுவும்போது உங்கள் கணக்கையே கொடுங்கள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

தகுதியில்லாத கணினியிலும் ரூஃபஸ் போன்ற கருவிகளைக் கொண்டு சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம். செய்கிறார்கள், ஓடவும் ஓடுகிறது. அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தம் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாக எழுதியிருக்கிறது. மாதாந்திரத் திருத்தங்கள் வந்தாலும், ஆண்டுப் பதிப்பு தானாக வராது. அதை நீங்களே மறுபடியும் கையால் போட வேண்டும். மிகப் பழைய பிராசஸர்களில் 24எச்2 திறக்கவே திறக்காது. தன் கணினியைத் தானே பிரித்து மாட்டுபவருக்கு இது ஏற்கத்தக்கது. அடுத்தவரின் கணினிக்கு இதைச் செய்து கொடுப்பது, அவர் அறியாத பொறுப்பை அவர் தலையில் கட்டுவதாகும்.

கிராக் போட்ட விண்டோஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். உரிமம் இல்லாத கணினிக்கு இலவச மேம்பாடு என்பது பொருளற்றது. அதோடு, உரிமத்தை ஏமாற்றும் கருவியை ஓட்டுவதற்கு வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும்போதே, பாதுகாப்புக்காக நாம் செய்யும் மற்ற அனைத்தும் வீணாகிவிடுகின்றன. அத்தகைய கணினி உள்ளவர்கள் அடுத்த பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

## வழி 3: அதே கணினியில் லினக்ஸ்

இந்த வழியைப் பற்றி மிகைப்படுத்தும் பேச்சும் உண்டு, அச்சுறுத்தும் பேச்சும் உண்டு. லினக்ஸில் வைரஸே வராது என்பது மிகை. 2024 மார்ச்சில் கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் கருவிக்குள், ரகசியமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்றை யாரோ திட்டமிட்டு வைத்திருந்தது வெளிப்பட்டது. வேறொரு கணினியிலிருந்து நுழையும் தொலைநுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். சோதனைப் பதிப்புகளைத் தாண்டி அது பெரும்பான்மைப் பயனர்களை எட்டவில்லை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அதன் வேர்வரை போக முடிந்தது. ஓரிருவர் ஊதியமின்றிப் பேணிவந்த மென்பொருள் என்பதால்தான் பின்கதவு வைக்கவும் முடிந்தது. இரண்டும் உண்மை.

வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தம் வரும். 4 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருந்தால் பத்தாண்டுப் பழைய கணினியும் சுறுசுறுப்பாக ஓடும். பென்டிரைவிலிருந்தே திறந்து, வட்டைத் தொடாமல், வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது இதன் பெரிய வசதி. கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் இலவசமாகக் கிடைக்கிறது; உலாவியைத் தவிர வேறொன்றும் வேண்டாதவருக்கு மட்டும் அது பொருந்தும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை என்று தொடக்கத்தில் சொன்னவர் என் அத்தை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 2017-இல் வாங்கிய ஐ5-7200யு மடிக்கணினியில் ஊர்க்கோயில் வரலாற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். அவருடைய ஒரு வாரத் தாளில் இருந்தவை உலாவி, யூடியூப், வேர்டு, தமிழ்99 விசைப்பலகை, ஒரு பிரிண்டர், பேரனோடு வீடியோ அழைப்பு, அவ்வளவுதான். பென்டிரைவிலிருந்து மின்டைத் திறந்து அவர் முன் வைத்தேன். ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99-ஐச் சேர்த்து, விண்டோஸில் அவர் பழகியிருந்த அதே விசைச் சேர்க்கையை மொழி மாற்றத்துக்கு அமைத்துக் கொடுத்தேன். ஒரு பத்தியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் பழைய எடத்துலயே இருக்குப்பா, அது போதும் எனக்கு” என்றார். ‘க’ எங்கே, ‘ற’ எங்கே என்று விரல் தேடாமல் இருப்பதுதான் அவருக்கு இயங்குதளம்; அதற்குக் கீழே ஓடுவது எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் தடுமாறியது வேறோர் இடத்தில்: வேர்டில் செய்த அட்டவணைகள் வேர்டுக்கு மாற்றாக லினக்ஸில் உள்ள லிப்ரே ஆஃபீஸில் திறந்தபோது இரண்டு பக்கங்களில் கோடு விலகியிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாலை பிடித்தது.

தமிழ்99 மட்டுமன்றி, ஒலியியல் முறை, பழைய தட்டச்சு முறை, இலங்கையில் பலர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை ஆகியவையும் லினக்ஸில் கிடைக்கின்றன. சிக்கல் விசைப்பலகையில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்று ஆணையிட்டுவிட்டாலும், பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் அடித்த கோப்புகள் டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் வண்டி வண்டியாக இருக்கின்றன. எழுத்துருவை நிறுவினால் லினக்ஸிலும் அவற்றைப் படிக்கலாம், அச்சிடலாம். ஆனால் அதே குறியாக்கத்தில் தொடர்ந்து அடிக்க வேண்டும் என்றால், அதற்கான விசைப்பலகை மென்பொருள்கள் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. பேஜ்மேக்கரில் திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவரிடம் போய் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது, அவர் பிழைப்பை அறியாமல் பேசுவதாகும்.

கருவிகளிலும் எல்லை உண்டு. ஆதார் சரிபார்ப்புக்கான விரல்ரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டுமே வருகிறது. டாலி விண்டோஸ் மென்பொருள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. உங்களுடையதற்கு உண்டா என்று வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிண்டர்களில் எச்பி எளிதாகச் சேர்ந்துவிடும். நம் கடைகளில் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி 2900 தனக்கே உரிய மொழியில் பேசுவதால், அதைச் சேர்ப்பதற்குப் பொறுமை வேண்டும்.

அரசுகளின் அனுபவமும் தனியாருக்குப் பாடமாகும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல், 30,000 கணினிகளை மாற்றப்போவதாக அறிவித்தது. கேரளப் பள்ளிகளில் இது நிலைத்துவிட்டது. அங்கே பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தொகுத்து, அதற்கேற்பப் பாடநூல் எழுதி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. என் கைக்கு வந்த அத்தகைய மடிக்கணினிகளில் பாஸ் பக்கம் ஒருமுறைகூடத் திறக்கப்பட்டிருக்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆளும் நேரமும் ஒதுக்கப்பட்ட இடத்தில் லினக்ஸ் நின்றது. வட்டில் போட்டுக் கொடுத்ததோடு விட்ட இடத்தில் நிற்கவில்லை. வீட்டிலும் இதே கணக்குதான். மாற்றிக் கொடுப்பவர், முதல் மாதம் தொலைபேசியில் கிடைப்பவராக இருக்க வேண்டும்.

## வழி 4: வேறு கணினி

தினமும் அந்தக் கணினியில்தான் வருமானம் வருகிறது, அது ஆறாம் தலைமுறைக்கு முந்தையது, விண்டோஸை விட முடியாது என்றால், வேறு கணினி வாங்குவதே சரி. புதியதுதான் வேண்டும் என்பதில்லை. நிறுவனங்கள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினிகள், புதுப்பித்து விற்கும் கடைகளில் இருபதாயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கின்றன. வாங்கும்போது பிராசஸர் எண்ணைத் திரையிலேயே பாருங்கள். வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். விண்டோஸ் உரிமம் மெய்யானதா, மின்கலம் எத்தனை நேரம் நிற்கிறது, விசைகள் எல்லாம் விழுகின்றனவா என்பவற்றைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, விட்டுவிட்டு வரும் பழைய கணினியில் இருக்கிறது. அதன் வட்டில் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், குடும்பப் படங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கும். கோப்புகளை அழித்து மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்வது போதாது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன், வட்டைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்வது எளிய வழி. அதற்காகச் சில நூறு ரூபாய் குறைத்தாலும் பரவாயில்லை.

## ஜெராக்ஸ் கடையில் எடுத்த முடிவு

கடைக்காரர் அண்ணனிடம் இரண்டு கணினிகள் இருந்தன. இரண்டும் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி நினைவகம், சுழலும் வட்டு. ஒன்றில் விரல்ரேகைக் கருவியும் வானவில் எழுத்துருவில் அடிக்கும் மனுக்களும். மற்றொன்றில் வேலைவாய்ப்புத் தேர்வு விண்ணப்பம், வருமானச் சான்றிதழுக்குப் பதிவு, வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளை அச்சிடுவது ஆகியவை. அதாவது முழுக்க முழுக்க உலாவி வேலை. நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்களின் பென்டிரைவ் செருகப்படுவதும் இந்த இரண்டாவது கணினியில்தான்.

இரண்டாவதற்கு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவினோம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட பென்டிரைவ் வைரஸ்கள் அதில் ஓடாது என்பதே அங்கே லினக்ஸைத் தேர்ந்தெடுக்க முதன்மைக் காரணம். வேகம் கூடியது அடுத்தது. ஒரே ஒரு தொல்லை வந்தது: சான்றிதழ் அளவுக்குப் புகைப்படத்தைச் சுருக்கும் மென்பொருள் அங்கே இல்லை, அதே வேலையைச் செய்யும் வேறொன்றைப் பழக்குவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலாவதை ஓராண்டு நீட்டிப்பில் பதிந்தோம். 2026 அக்டோபர் 13-க்குள் புதுப்பித்த எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை வாங்கி, விரல்ரேகைக் கருவியை அதற்கு மாற்றிவிடுவது என்று கடைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதுவரை அந்தக் கணினியில் வெளியார் பென்டிரைவ் செருகப்படுவதில்லை. யார் கொண்டுவந்தாலும் பக்கத்துக் கணினியில் திறந்து, தேவையான கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறார்.